ஒரு வாளித் தண்ணீரில் நூறு உயிர்!

பிரசவம் பார்க்க என்று மகள் வீட்டுக்குப் போகிற அம்மாக்கள், எந்த தேசத்துக்குப் போனாலும் பார்க்கிற இடங்கள் மூன்றுதான். சமையலறை, குளியலறை, குழந்தையின் தொட்டில். நானும் அந்த எண்ணத்தோடுதான் ஒரு ஜூன் மாதம் பிரசவ லேகியத்தையும் சுக்குப் பொடியையும் பெட்டியில் அடுக்கிக் கொண்டு கனடாவுக்கு விமானம் ஏறினேன். ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், பேரக் குழந்தைக்கு அடுத்தபடியாக மனசில் தங்கிப் போயிருப்பது ஓர் ஆறு!

அந்த ஆற்றின் பெயர் கௌவிச்சன்.

"என்னடி இது, கவிச்சி கிவிச்சின்னு ஒரு பேரு?" என்று மகளிடம் கேட்டேன். நான் சுத்த சைவம். மீன் கடைப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்திக் கொள்கிறவள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அது இங்கத்துப் பழங்குடி ஜனங்களோட பேரு. வெயில் காயற பூமின்னு அர்த்தம். ஆனா நீ சொன்னதும் ஒரு விதத்துல வாஸ்தவம்தான். இந்த ஆறே மீனுக்காகத்தான் இருக்கு" என்றாள்.

தீவுக்குள் ஒரு பிரயாணம்

வான்கூவர் நகரம் வேறு, வான்கூவர் தீவு வேறு. இது முதலில் எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. நகரம் கரையில் இருக்கிறது. தீவுக்குப் போக வேண்டுமானால் கப்பல் ஏற வேண்டும். கப்பல் என்றால் சாதாரணக் கப்பல் இல்லை. காரோடு, லாரியோடு, பஸ்ஸோடு அப்படியே வயிற்றுக்குள் போட்டுக் கொள்கிறது! காரை விட்டு இறங்கி மாடிக்குப் போனால் காபி குடிக்கலாம், நீலக் கடலையும் பச்சை மலைகளையும் பார்த்துக் கொண்டே நிற்கலாம். ஒன்றே முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

தீவில் இறங்கித் தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் கார் ஓட்டினால் டங்கன். சின்ன ஊர்தான். ஆனால் தெருவுக்குத் தெரு நிற்கும் மரத் தூண்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. முழுத் தேவதாரு மரத்தைச் செதுக்கி, கழுகு, கரடி, திமிங்கிலம், சால்மன் மீன் என்று ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். நம் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை.

பின்னல் வேலையில் பிரியமுள்ள சகோதரிகளுக்கு இன்னொரு விஷயம். கௌவிச்சன் ஸ்வெட்டர் உலகப் பிரசித்தம். இந்தப் பழங்குடிப் பெண்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கையால் பின்னி வருகிறார்கள். கம்பளி நூல் நம் சுண்டுவிரல் கனம். ஆட்டு ரோமத்தில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப் பசையை முழுக்கப் போக்காமல் நூற்பதால் மழைத் தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காது. முன்புறம் தனி, பின்புறம் தனி என்று பின்னித் தைப்பது கிடையாது. உடம்புப் பகுதியை வட்டமாகவே பின்னிக் கொண்டு போகிறார்கள். சாயமும் போடுவதில்லை. வெள்ளை, சாம்பல், பழுப்பு, எல்லாம் ஆட்டின் சொந்த நிறம். அந்த ஸ்வெட்டர்களில் பல தடவை ஒரு மீன் துள்ளுவதைப் பார்த்தேன். அதுதான் சால்மன்.

நம் ஊர்க் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கிற காலா மீன் வேறு ஜாதி. இதற்கும் அதற்கும் உறவே இல்லை.

பிறந்த வீட்டை மறக்காத மீன்

சால்மனின் கதையைக் கேட்டால் எந்தத் தாய்க்கும் மனசு இளகிவிடும்.

இலையுதிர் காலத்தில் பெண் மீன் ஆற்றுக்குள் வந்து, கூழாங்கல் நிறைந்த ஒரு இடமாகப் பார்த்து, வாலால் அடித்து அடித்துக் குழி பறிக்கிறது. அதில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, மேலே கல்லைத் தள்ளி மூடுகிறது. குளிர் காலம் முழுக்க முட்டைகள் கல்லுக்கு அடியில் கிடக்கும். கல் இடுக்கு வழியாக ஓடும் குளிர்ந்த தண்ணீர்தான் அவற்றுக்கு மூச்சு. வசந்தம் பிறந்ததும் குஞ்சுகள் மேலே வரும்.

சம் என்ற வகைக் குஞ்சுகள் உடனே கடலைப் பார்க்கக் கிளம்பிவிடும். சினூக் வகை சில மாதங்களில் போய்விடும். ஆனால் கோஹோ வகை மட்டும் ஒரு வருஷம் போல ஆற்றிலேயே, சின்னச் சின்ன ஓடைகளிலேயே தங்கி வளர்கிறது. ஆகவே ஒரு கோடையை அது ஆற்றில் கழித்தே தீர வேண்டும். தொல்லை ஆரம்பிப்பது இங்கேதான்.

கடலுக்குப் போன மீன், சில வருஷங்கள் கழித்து ஆயிரக்கணக்கான மைல் சுற்றிவிட்டு, தான் பிறந்த அதே ஆற்றுக்குத் திரும்பி வருகிறது. எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது தெரியுமா? வாசனையை வைத்து! ஒவ்வொரு ஆற்றுத் தண்ணீருக்கும் தனி வாசனை உண்டாம். குஞ்சாக இருந்தபோது மூக்கில் பதிந்தது கடைசி வரை மறப்பதில்லை. ஆற்றுக்குள் நுழைந்த பின் சாப்பிடுவதே இல்லை. உடம்பில் சேர்த்து வைத்ததையெல்லாம் செலவழித்து, நீரை எதிர்த்து நீந்தி, முட்டையிட்டு, அங்கேயே உயிரை விடுகிறது. அந்த உடம்பைக் கழுகும் கரடியும் தின்ன, மிச்சம் கரை மரங்களுக்கு எருவாகிறது. தண்ணீரில் கரைந்த சத்து பூச்சிகளுக்கு ஆகாரமாகி, அந்தப் பூச்சிகளே அடுத்த வருஷக் குஞ்சுகளுக்குத் தீனியாகின்றன. செத்த பிறகும் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற தாய்!

ஏரியே கஜானா

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, "அத்தை, உங்களுக்கு ஆறு ஆரம்பிக்கிற இடத்தைக் காட்டறேன், வாங்க" என்று அழைத்துப் போனார். டங்கனிலிருந்து மேற்கே 30 கிலோமீட்டர். வழியில் 'பால்டி' என்று ஒரு பலகை. பஞ்சாபி வாசனை அடிக்கிறதே என்று கேட்டேன். மேயோ சிங் என்ற சீக்கியர் ஒரு நூற்றாண்டுக்கு முன் இங்கே மர அறுவை ஆலை வைத்து, ஊரை உண்டாக்கி, பஞ்சாபில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே வைத்துவிட்டாராம். ஆலை போய்விட்டது. குருத்வாரா மட்டும் காட்டு மரங்களுக்கு நடுவில் இன்னும் இருக்கிறது. பிறந்த ஊரை மறக்காதது சால்மன் மட்டும் இல்லை என்று நினைத்துக் கொண்டேன்.

கௌவிச்சன் ஏரி சுமார் 30 கிலோமீட்டர் நீளம். அதன் வாயிலிருந்து புறப்படும் ஆறு 47 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. ஏரியின் வாயில் ஒரு தடுப்பணை. அணை என்றதும் நம் மேட்டூரை நினைத்துக் கொள்ள வேண்டாம். இது சுமார் ஒரு மீட்டர் தண்ணீரைத் தேக்குகிற சின்ன மதகு, அவ்வளவுதான். 1957-ல், கடற்கரைப் பக்கம் தொடங்கிய ஒரு காகிதக் கூழ் ஆலைக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகக் கட்டியது.

இந்த ஒரு மீட்டர் தண்ணீரில்தான் சூட்சுமமே இருக்கிறது. அந்தத் தீவில் மழை கொட்டுவதெல்லாம் குளிர் காலத்தில். கோடையில் சொட்டு விழுவது அபூர்வம். மலையில் தேங்கிய பனி வசந்தத்தில் கரைந்து வரும். அதை ஏரியில் பிடித்து வைத்துக் கொண்டு, கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு விட வேண்டும். வினாடிக்கு 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர். இதுதான் கோடையில் ஆற்றுக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கும் கணக்கு.

நமக்கு இது புரியாத சங்கதியா? முதல் தேதி சம்பளம் வந்ததும், மாசக் கடைசிக்கு என்று கடுகு டப்பாவில் எடுத்து வைக்கிறோமே, அதே கணக்குதான். ஆனால் சம்பளமே குறைந்து போனால்? பனி குறைவாக விழுந்து, அதுவும் சீக்கிரமே கரைந்து, கோடை நீண்டு கொண்டே போனால்? டப்பாவில் பத்தாம் தேதியே அடி தெரிந்துவிடுகிறது. சமீப வருஷங்களில் அங்கே பல கோடைகளில் நடப்பது இதுதான்.

வாளியைப் பிடித்த நான்!

ஏரிக்கரையில் மகளின் சிநேகிதி ஒருத்தி தன் இரண்டு பையன்களோடு நின்று கொண்டிருந்தாள். ரப்பர் பூட்ஸ், கையில் வலை, வாளி. என்ன விசேஷம் என்று விசாரித்தேன். கோடை வந்தால் ஏரியில் விழும் சின்ன ஓடைகள் ஒவ்வொன்றாக வற்றுமாம். ஓட்டம் நின்று, அங்கங்கே குட்டையாகத் தேங்கும். அந்தக் குட்டைகளில் கோஹோ குஞ்சுகள் அகப்பட்டுக் கொள்ளும். நாளுக்கு நாள் குட்டை சுருங்கும், சுடும். கொக்கும் ரக்கூனும் வந்து பொறுக்கித் தின்னும். மிஞ்சியது காய்ந்து சாகும். அதற்கு முன் அள்ளிக் கொண்டு போய்த் தண்ணீர் உள்ள இடத்தில் விட வேண்டும். இஷ்டத்துக்கு யாரும் செய்துவிட முடியாது. அனுமதி பெற்ற குழுவோடுதான் போக வேண்டும்.

"வர்றீங்களாம்மா?" என்று கேட்டாள். நான் மூக்கைப் பொத்துகிறவள் ஆயிற்றே! ஆனால் அந்தப் பையன்களின் முகத்தைப் பார்த்ததும் மறுக்கத் தோன்றவில்லை. புடவையைச் சற்றுத் தூக்கிச் சொருகிக் கொண்டு, மகளின் பூட்ஸை மாட்டிக் கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஓடை என்று சொன்ன இடத்தில் வெறும் கல்தான் இருந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு பாறை ஓரத்தில் நம் அண்டா அளவுக்கு ஒரு குட்டை. குனிந்து பார்த்தேன். அப்பப்பா! தண்ணீர் முழுக்க விரல் நீளக் குஞ்சுகள். உடம்பில் வரிசையாகக் கறுப்புப் பட்டைகள், துடுப்பில் லேசாக ஆரஞ்சு நிறம். எல்லாம் ஒரே மூலையில், நிழலில் நெருக்கிக் கொண்டு நின்றன. வெயிலுக்கு ஒரே ஒரு குடையில் ஒதுங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

அவர்கள் எனக்குப் பாடம் சொல்லித் தந்தார்கள். கையை நனைத்துக் கொள்ளாமல் மீனைத் தொடக் கூடாது. அதன் மேல் இருக்கிற வழவழப்புதான் அதற்குக் கவசம். உலர்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும். கையில் வெயிலுக்கான கிரீமோ பூச்சி மருந்தோ இருக்கக் கூடாது. ஒரு வாளியில் ஏகப்பட்டதைப் போட்டு அடைக்கக் கூடாது. வாளி நிழலில்தான் இருக்க வேண்டும். வாளித் தண்ணீருக்குள் பாட்டரியில் ஓடும் ஒரு சின்னக் குழாய் குமிழ் விட்டுக் கொண்டே இருந்தது, மூச்சுக்காக.

என் வேலை வாளியைப் பிடித்துக் கொண்டு நிற்பது. சின்னப் பையன் எண்ணிக் கொண்டே போட்டான். நூறு என்று அவன் கத்தியபோது, கையில் கனம் தெரியவில்லை. பயம்தான் தெரிந்தது. கல்லில் கால் தடுக்கி விழுந்துவிட்டால்? நிறைகுடத்தைத் தூக்கிக் கொண்டு படியேறியது எத்தனையோ தடவை. இவ்வளவு ஜாக்கிரதையாக நான் நடந்ததே கிடையாது. ஏரியின் ஆழமான ஓரத்தில் வாளியை மெதுவாகச் சாய்த்து, உள்ளே ஏரித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க விட்டு, அப்புறம்தான் விட்டோம். ஒரு கணம் தயங்கி நின்றன. பிறகு ஒரு மின்னல். ஒன்றையும் காணோம்!

"அத்தை, மீன் வாசனை எப்படி?" என்றார் மாப்பிள்ளை. அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். வாசனையே தெரியவில்லை எனக்கு.

சுடு தண்ணீரில் மூச்சு ஏது?

தண்ணீர் குறைந்தால் மீனுக்கு என்ன ஆகும்? இடம் குறையும் என்பது மட்டும் இல்லை. ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். சூடான தண்ணீரில் பிராண வாயு குறைவாகத்தான் கரைந்திருக்கும். நம் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் வேகவேகமாக மூச்சு வாங்குமே, அது போல வெப்பம் ஏற ஏற மீனுக்குத் தேவைப்படும் மூச்சோ அதிகம். தேவை கூடுகிறது, வரத்து குறைகிறது. தண்ணீர் 20 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினாலே சால்மன் குடும்பத்துக்குக் கஷ்ட காலம். நமக்கு 20 டிகிரி என்றால் பச்சைத் தண்ணீரில் குளிக்கத் தயங்குவோம். அதற்கோ அது கொதிப்பு!

இன்னொன்றும் உண்டு. ஓட்டம் குறைந்தால் அழுக்கு கலைந்து போகாது. ஆற்றோரத்து ஊர்களின் சுத்திகரித்த கழிவு நீர் இந்த ஆற்றில்தான் விடப்பட்டு வந்திருக்கிறது. தண்ணீர் நிறைய ஓடும்போது அது தெரிவதில்லை. குறைந்துவிட்டால், அதிலுள்ள சத்தும் வெயிலும் சேர்ந்து பாசியை வளர்த்துவிடுகின்றன. பாசி பகலில் பிராண வாயுவை விடும், இரவில் தானே இழுத்துக் கொள்ளும். விடியற்காலையில் மீனுக்கு மூச்சு முட்டும்.

2023 கோடையில் இதை ஊரே கண்ணால் பார்த்தது. ஏரியில் இருப்பு போதாது என்று, ஆற்றுக்கு விடும் தண்ணீரை வினாடிக்கு 7 கன மீட்டரிலிருந்து 4.5 கன மீட்டராகக் குறைத்தார்கள். ஜூலை மாதத்தில் ஆற்றில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடந்தன. பெரிய சால்மன்கள் அப்போது கடலில் இருந்ததால் தப்பித்தன. அகப்பட்டுக் கொண்டவை ஆற்றிலேயே வசிக்கும் டிரவுட் மீன்களும், கடலுக்குப் போகக் காத்திருந்த குஞ்சுகளும். மகளின் சிநேகிதி அன்றைக்குத் தன் பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் அழைத்துப் போகாமல் வீட்டிலேயே வைத்துக் கொண்டாளாம். "என்ன சொல்லிப் புரிய வைக்கறதுன்னு எனக்குத் தெரியலை" என்றாள்.

யார் விட்டுக் கொடுப்பது?

ஒரு வீட்டில் ஒரே குழாய் இருந்தால் சண்டை வராமல் இருக்குமா? இங்கேயும் உண்டு. ஏரிக்கரையில் வீடு கட்டியிருப்பவர்களுக்குக் கோடையில் மணல் திட்டு தெரிய வேண்டும். தண்ணீரை உயர்த்தித் தேக்கினால் கரை அரிக்கும் என்ற கவலை. ஆலை ஓடிக் கொண்டிருந்த வரை அதன் தொழிலாளிகளுக்கு வேலை நின்று போகுமே என்ற கவலை இருந்தது. கோடை விடுமுறையில் காற்றடைத்த ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து ஆற்றில் மிதந்து போகிறது அங்கே பெரிய திருவிழா. தண்ணீர் வற்றினால் அந்த வியாபாரம் படுத்துவிடும். பழங்குடியினருக்கோ இந்த ஆறும் மீனும்தான் பரம்பரைச் சொத்து, சாப்பாடு, சடங்கு எல்லாம். முன் காலத்தில் அவர்கள் ஆற்றுக்குக் குறுக்கே மரத் தட்டி கட்டி, வேண்டிய மீனை எடுத்துக் கொண்டு, மற்றதை மேலே போக விட்டுவிடுவார்கள். வருஷத்தின் முதல் சால்மனுக்கு மரியாதை செய்து, எலும்பைத் திரும்ப ஆற்றிலேயே சேர்ப்பதும் வழக்கம். பிற்பாடு வந்த அரசாங்கம் அந்தத் தட்டிகளைத் தடை செய்துவிட்டது.

நல்லது என்னவென்றால், 2010-லிருந்து இவர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேச ஒரு வாரியம் அமைத்திருக்கிறார்கள். பழங்குடித் தலைவரும் வட்டார நிர்வாகத் தலைவரும் சரிசமமாகத் தலைமை வகிக்கிறார்கள். பழைய தடுப்பணைக்குப் பதிலாக, இன்னும் சுமார் 70 சென்டிமீட்டர் அதிகம் தேக்கக் கூடிய புது அணை வேண்டும் என்று திட்டம் போட்டு, அரசாங்கங்களிடம் நிதியும் வாங்கியிருக்கிறார்கள். 70 சென்டிமீட்டர் என்பது நம் இடுப்பு உயரம் கூட இல்லை. ஆனால் நீண்ட ஏரி ஆயிற்றே, ஒரு சாண் என்றாலும் பல நாள் தண்ணீர்!

முயற்சி வீண் போகாது என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. ஆற்றின் நடுப் பகுதியில் ஸ்டோல்ட்ஸ் என்ற செங்குத்தான களிமண் கரை ஒவ்வொரு மழைக்கும் சரிந்து, சேறு கல் இடுக்கை அடைத்து, முட்டைகளை மூச்சு முட்டக் கொன்று கொண்டிருந்தது. 2006-ல் அந்தக் கரையைப் பலப்படுத்தினார்கள். 2009-ல் திரும்பி வந்த சினூக் மீன்கள் சில நூறுதான். பத்து வருஷத்துக்குள் அது பல ஆயிரமாக ஏறியது. சேற்றை நிறுத்தியது, தண்ணீரை அளந்து விட்டது, மீன் பிடிப்பதில் கட்டுப்பாடு என்று எல்லாம் சேர்ந்த பலன்.

வீட்டுக்குள்ளிருந்து ஆற்றுக்கு

பெரியவர்கள் அணை கட்டட்டும். வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நான் ஆவலாகக் கவனித்தேன்.

கோடையில் புல்தரைக்குத் தண்ணீர் விடக் கட்டுப்பாடு. வறட்சி முற்றினால் அடியோடு நிறுத்தம். பழுப்பாகக் காய்ந்த புல்லைப் பார்த்து யாரும் வெட்கப்படுவதில்லை. "பச்சையா இருந்தாத்தான் இப்ப வெட்கம்!" என்றாள் மகள். காய்கறி அலம்பிய தண்ணீர் தொட்டிச் செடிக்குப் போகிறது. கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைக்கிறார்கள். தெருவில் மழை நீர் இறங்கும் சாக்கடை மூடிகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் ஒரு மீன் வரைந்திருக்கிறார்கள். அந்தத் துவாரத்தில் ஊற்றுவது நேராக மீன் வாழும் தண்ணீருக்குப் போகிறது என்று அடையாளம். படிக்கத் தெரியாத குழந்தைக்குக் கூடப் புரியுமே! அதைப் பார்த்த பிறகு வீட்டு வாசலில் கார் கழுவிய சோப்புத் தண்ணீரை அதில் விட யாருக்கு மனசு வரும்?

கார் என்றதும் நினைவுக்கு வருகிறது. டயர் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம், டயர் தேய்ந்த தூளிலிருந்து கிளம்பி, காற்றோடு சேர்ந்து மாறி, மழையில் ஓடைக்குள் போய்க் கோஹோ மீன்களைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடுகிறது என்று 2020-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கோடையெல்லாம் சாலையில் படிந்த தூள், முதல் மழையில் மொத்தமாக இறங்குகிறது. மீன் திரும்பி வருவதும் அதே முதல் மழையில்தான். சாலை ஓரத்தில் புல்லும் செடியும் வளர்த்து, அந்தத் தண்ணீரை மண்ணில் வடிய விட்டால் விஷம் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறதாம்.

தண்ணீர் சூடாகும் நாட்களில் தூண்டில் போடுவதை நிறுத்தி வைக்கிறார்கள். பிடித்துவிட்டு விடுவித்தாலும், அந்தப் போராட்டமே மீனைக் கொன்றுவிடும் என்பதால். கரையோரம் நிழலுக்கு மரம் நடுகிறார்கள். ஆற்றில் இறங்கும் குழந்தைகளுக்கு, கூழாங்கல் மேட்டில் குதிக்காதே, கீழே முட்டை இருக்கும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயமும் சொல்லாமல் முடியாது. சால்மனில் புரதம், டி வைட்டமின், ஒமேகா-3 கொழுப்பு எல்லாம் தாராளம். பாதரசம் குறைவு என்பதால் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ஏற்ற மீன்களில் ஒன்று என்று அங்கே சொல்கிறார்கள். மாப்பிள்ளை இதை ரொம்ப விவரமாகச் சொன்னார். அவர் அங்கே போய் மீன் சாப்பிடப் பழகியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது!

வந்துவிட்டார்கள்!

ஜூலை கடைசியில் பேத்தி பிறந்தாள். அப்புறம் எனக்கு ஆறும் இல்லை, மீனும் இல்லை. பத்தியச் சமையலும் எண்ணெய்க் குளியலுமாக ஓடிவிட்டது. ஆகஸ்ட், செப்டம்பர் போய் அக்டோபர் வந்தது. ஜனங்கள் பேச்செல்லாம் மழையைப் பற்றித்தான். கடல் முகத்தில் சினூக் மீன்கள் வந்து நின்று காத்திருக்குமாம். ஆற்றில் தண்ணீர் ஏறினால்தான் உள்ளே வர முடியும். ஆழமில்லாத இடங்களில் வயிறு கல்லில் தேய வேண்டியிருக்கும். கடல் நாய்களுக்கு அது கொண்டாட்டம். காக்க வைக்கிற ஒவ்வொரு நாளும் முட்டை சுமந்த உடம்பின் பலம் கரைகிறது.

ஒரு ராத்திரி ஓட்டின் மேல் சடசடவென்று சத்தம். மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக் கொண்டே, "அம்மா, மழை!" என்றாள். ஐப்பசியில் நம் ஊரில் கேட்கிற அதே சத்தம். மூன்று நாள் விடாமல் பெய்தது.

வாரக் கடைசியில் பேத்தியைக் கம்பளியில் சுற்றி எடுத்துக் கொண்டு ஸ்கட்ஸ் அருவிக்குப் போனோம். பெரிய அருவி இல்லை. பாறைப் படிகளில் ஆறு நுரைத்துக் கொண்டு இறங்குகிற இடம். ஒரு ஓரத்தில் மீன் ஏறுவதற்கென்றே படி கட்டியிருக்கிறார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று வெள்ளை நுரைக்குள்ளிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு கரும்பழுப்பு உடம்பு மேலே துள்ளியது. பாறையில் மோதி விழுந்தது. மறுபடி துள்ளியது. மறுபடி விழுந்தது. நான் என்னையறியாமல், "ஏறும்மா, ஏறு!" என்று சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் பாஷை புரியாமலே தலையை ஆட்டினார். நாலாவது தடவை அது மேல் படியில் விழுந்து, வாலை ஒரு அடி அடித்து, போய்விட்டது.

துடுப்பெல்லாம் கிழிந்திருந்தது. முதுகில் வெள்ளைத் தழும்பு. பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வருகிறவள்தானே அவளும்! என் பெண்ணுக்கு நான் லேகியத்தோடு போய் நின்றேன். அவளுக்கு என்று யார் இருக்கிறார்கள்? குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது.

நவம்பர் கடைசியில் ஊர் திரும்பினேன். பேத்திக்கு என்று வாங்கிய ஒரு குட்டி கௌவிச்சன் ஸ்வெட்டரை மகள் அலமாரியில் மடித்து வைத்திருக்கிறாள். அதன் மார்பில் ஒரு மீன். அடுத்த குளிருக்குத்தான் அளவு சரியாக இருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசுகிறோம். முதலில் பேத்தி என்ன செய்கிறாள், பல் முளைத்ததா என்று கேட்பேன். அதற்கடுத்த கேள்வி என்ன என்று மகளுக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிடுகிறாள், "ஆத்துல இன்னிக்கு எவ்வளவு தண்ணி ஓடுதுன்னுதானே கேக்கப் போறே? இரு, பார்த்துச் சொல்றேன்!"